ஏரி நாட்டில் தூண்டில் நீர்: காஞ்சிபுரம் வட்டாரம்

மீன் ஓட்டத்தை நாடும். நீர் ஓடும் இடத்தில் இரை தானாக வந்து சேரும், மூச்சுக்கு வேண்டிய பிராணவாயு நீரில் கலக்கும், வெயிலின் சூடும் சற்றுத் தணியும். எனவே புது ஊரில் தூண்டில் போட இடம் தேடுபவர், அந்த ஊரில் நீர் எங்கே ஓடுகிறது, எந்த மாதத்தில் ஓடுகிறது என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும். மலை நாட்டில் இந்தக் கேள்விக்கு ஓடையே விடை சொல்லிவிடும். காஞ்சிபுரம் போன்ற சமவெளியில் ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. இங்கே ஓட்டம் இருப்பது ஏரிகளின் கலங்கலிலும் மதகிலும் வரத்துக்காலிலும்தான். அவற்றைத் தேடிக் கண்டு, உரிமை கேட்டு, நீரைப் படித்து, உரிய பருவத்தில் தூண்டில் இறக்கும் முறை இந்த அத்தியாயத்தில் வரிசையாகச் சொல்லப்படுகிறது.

டிரவுட் வாழும் நீரும் வாழாத நீரும்

ஃப்ளை தூண்டில் என்றதும் பலருக்கும் டிரவுட் மீன்தான் நினைவுக்கு வரும். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி போலக் கட்டி, கனமான கயிற்றின் எடையைக் கொண்டு வீசி, நீரின் மேல் மெல்ல இறக்கும் முறை அது. டிரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை உள்ள நீரில் அது நன்றாக இரையெடுக்கும். வெப்பம் 25 டிகிரியை நெருங்கினால் திணறிச் சாகும்.

தமிழ்நாட்டில் இந்தக் குளிர் உயரமான மலைகளில் மட்டுமே உண்டு. நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற 1863இல் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராக இருந்த எச். சி. வில்சன் அதைச் சாதித்தார். அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைந்தது. வானவில் டிரவுட் அங்கே நிலைகொண்டது. இலங்கையின் நுவரெலியாவில் அதற்கு முன்பே, 1880களில், டிரவுட் கொண்டுவந்து விடப்பட்டது.

காஞ்சிபுரத்து ஏரி நீர் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. சித்திரையில் மேல்நீர் 30 டிகிரியைத் தாண்டும். டிரவுட்டுக்கு இங்கே இடமில்லை. ஆனால் டிரவுட் ஓடையைத் தேட உலகெங்கும் கையாளப்படும் ஒழுங்கு விராலையும் கெண்டையையும் தேட அப்படியே பொருந்தும். வரைபடம், பருவம், ஊரார் சொல், உரிமை, நீரைப் படித்தல் என்பதே அந்த ஒழுங்கு.

நீர் வரும் வழி

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடி, வாயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் 348 கி.மீ. தெற்கிலிருந்து செய்யாறு வருகிறது. காஞ்சிபுரம் நகரை ஒட்டி வேகவதி ஓடுகிறது. மூன்றும் சேரும் இடம் திருமுக்கூடல். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் ஆண்டுகளில் இந்த மூன்றும் கரை தொட்டு ஓடும். மற்ற மாதங்களில் அங்கங்கே மடுக்களில் மட்டும் நீர் தேங்கி நிற்கும்.

நிலையான ஆறு இல்லாத நிலத்தில் நீரைப் பிடித்து வைக்கவே இந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஏரிகள் வெட்டப்பட்டன. வாலாஜாப்பேட்டை அருகே உள்ள பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்னும் நான்கு கால்வாய்கள் பிரிகின்றன. கம்பன் கால்வாய் கிழக்கே ஸ்ரீபெரும்புதூர் திசையில் பல ஏரிகளுக்கு நீர் கொண்டு போகிறது. ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குப் போகும். இப்படிச் சங்கிலியாக அமைந்த ஏரிகளில் மீனும் நீரோடு பயணம் செய்கிறது. மேல் ஏரியில் விட்ட கட்லா குஞ்சு நல்ல மழை ஆண்டில் கீழ் ஏரியில் வளர்ந்து கிடைப்பது இதனால்தான்.

தூண்டில்காரர் அறிந்திருக்க வேண்டிய ஏரியின் உறுப்புகள் சில. நீர் உள்ளே வரும் வழி வரத்துக்கால். பாசனத்துக்கு நீர் திறந்துவிடும் இடம் மதகு அல்லது மடை. உபரி நீர் வழியும் கல்கட்டு கலங்கல். அதையே சில ஊர்களில் கோடி என்பார்கள். ஏரி நிரம்பி வழிவதைக் ‘கோடி போகிறது’ என்பார்கள். கரையின் உட்சரிவில் அலை அரிக்காதபடி பதித்த கல் அலைகல். இந்த நான்கு இடங்களும் எங்கே உள்ளன என்று தெரிந்துவிட்டால் ஏரியின் பாதி ரகசியம் தெரிந்ததாகக் கொள்ளலாம்.

பருவக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரத்துக்கால்களில் புதுநீர் வரும். கெண்டையும் கெளுத்தியும் குறவையும் அந்த நீரை எதிர்த்து ஏறும். ஏரி நீர் அப்போது கலங்கலாக இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்துப் பாயும் மீனுக்குப் பொய் இரை தெரியாது. மண்புழுவும் தக்கையும்தான் அந்த மாதங்களுக்கு ஏற்றவை.

மார்கழி முதல் மாசி வரை ஏரி நிறைந்து, மண் படிந்து, நீர் தெளியும். ஃப்ளை தூண்டிலுக்கும் பொய் இரைக்கும் இதுவே சிறந்த காலம். நெல்லுக்கு மதகு திறந்திருப்பதால் மதகின் இரு பக்கமும் ஓட்டம் இருக்கும்.

பங்குனி, சித்திரையில் நீர் வடிந்து மீன் ஆழமான பள்ளங்களில் ஒதுங்கும். மீன்பிடி உரிமை பெற்ற குத்தகைதாரர் வலை போட்டு ஏரியை அரிக்கும் காலமும் இதுவே. அந்த நாட்களில் தூண்டிலோடு போய் நிற்பது முறையன்று. வைகாசியில் பல சிறிய ஏரிகள் வற்றிவிடும். ஆடி, ஆவணியில் மாலை இடிமழை பெய்தால் மறுநாள் காலையில் விரால் சுறுசுறுப்பாக இரையெடுக்கும்.

வரைபடமும் ஊர்ப்பெயரும்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவிலான வரைபடத்தில் ஏரிக்கரை தடித்த கோடாகத் தெரியும். கரை எப்போதும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும். ஆகவே கரையை ஒட்டிய பகுதி ஆழம், அதற்கு எதிர்ப்பக்கம் ஆழம் குறைந்த மேய்ச்சல் பகுதி. கைப்பேசியில் காணும் செயற்கைக்கோள் படமும் நல்ல துணை. ஒரே ஏரியின் படத்தைக் கார்த்திகையிலும் சித்திரையிலும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சித்திரைப் படத்திலும் நீர் தெரியும் இடம் எதுவோ அதுதான் மீன் ஆண்டு முழுதும் உயிர் பிழைக்கும் பள்ளம். பெரிய மீன் அந்த ஏரிகளில்தான் இருக்கும்.

ஊர்ப்பெயர்களும் வழி காட்டும். ‘தாங்கல்’ என்று முடியும் பெயர் சிறிய ஏரியைக் குறிக்கும். ‘மடு’ என்றால் ஆற்றில் நீர் தங்கும் ஆழம். ‘முக்கூடல்’ என்றால் ஆறுகள் சேரும் இடம். தென்னேரி என்னும் ஊர் தன் ஏரியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதன் பழைய பெயர் திரையனேரி என்றும், தொண்டைமான் இளந்திரையன் பெயரால் அமைந்தது என்றும் சொல்வது மரபு. நீரைக் குறிக்கும் பெயருள்ள ஊரில் இன்று நீர் இல்லாமலும் இருக்கலாம். பெயர் காட்டிய திசையில் போய் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

யாரைக் கேட்பது

வரைபடம் ஏரியைக் காட்டும், அதில் என்ன மீன் இருக்கிறது என்று காட்டாது. அதை அறிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். முதலில் தேட வேண்டியவர் கம்புகட்டி என்றும் நீர்க்கட்டி என்றும் அழைக்கப்படுபவர். மதகைத் திறந்து மூடி வயலுக்கு நீர் பங்கிடுவது அவர் பொறுப்பு. எந்த மதகு ஆழம், எந்தப் பக்கம் சேறு, கலங்கல் எப்போது வழியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அடுத்தவர் குத்தகைதாரர். எந்த ஆண்டு என்ன குஞ்சு விட்டார்கள் என்பதை அவர்தான் சொல்ல முடியும். ஏரியில் எருமை குளிப்பாட்டுபவர்கள், பரிசலில் வலை போடுபவர்கள், காலை நேரத்துத் தேநீர்க் கடையில் கூடுபவர்கள் ஆகியோரும் நிறையச் சொல்வார்கள்.

கேட்கும் முறை முக்கியம். “பெரியவரே, இந்த ஏரியில தூண்டில் போடலாமா? யாரக் கேக்கணும்?” என்று தொடங்கினால் பேச்சு நீளும். “இங்கே பெரிய மீன் எங்கே இருக்கு?” என்று எடுத்த எடுப்பில் கேட்பவரை வலைகாரராக நினைத்து ஒதுங்கிவிடுவார்கள்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபை வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அதற்கு 6 உறுப்பினர்கள். ஏரி ஊரின் பொதுச்சொத்து, அதற்குக் காவலர் உண்டு என்னும் எண்ணம் இந்த மண்ணில் அவ்வளவு பழையது. வெளியூர்த் தூண்டில்காரர் அந்த எண்ணத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் கரையேற வேண்டும்.

உரிமையும் விலக்கும்

பெரும்பாலான பாசன ஏரிகளில் மீன்பிடி உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகிறது. சிறிய குட்டைகளும் தாங்கல்களும் ஊராட்சியின் பொறுப்பில் இருக்கும். சில இடங்களில் உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரிமை இருக்கும். எனவே குத்தகைதாரரிடமோ ஊராட்சியிலோ சங்கத்திலோ அனுமதி வாங்கிய பிறகே தூண்டில் இறக்க வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விடப்போவதாகச் சொன்னால் பல குத்தகைதாரர்கள் இசைவார்கள். எடுத்துச் செல்வதாக இருந்தால் எடைக்கு விலை பேசிக்கொள்வது நேர்மை.

தூண்டில் போடக் கூடாத நீர்களும் இங்கே பல. கோயில் குளங்கள் அவற்றில் முதல். வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ், ஏகாம்பரநாதர் கோயிலின் சிவகங்கை, சர்வதீர்த்தம் ஆகியவை வழிபாட்டு நீர்கள். அனந்தசரஸில் நீருக்கடியில் வீற்றிருக்கும் அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருள்கிறார். 1979க்குப் பின் 2019இல் 48 நாட்கள் காட்சி தந்தார். பக்தர்கள் பொரி போட்டு வளர்க்கும் குளத்து மீனைப் பிடிப்பது ஊரைப் புண்படுத்தும் செயல்.

அடுத்த விலக்கு பறவைப் புகலிடங்கள். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பாதுகாக்கப்பட்ட சரணாலயங்கள். அங்கே மீன் முழுதும் பறவைக்கே உரியது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியிலும் துறையின் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. அப்படி நடப்பதைக் கண்டால் ஊராட்சிக்கோ மீன்வளத் துறைக்கோ தெரிவிப்பது கடமை.

நீரைப் படித்தல்

முதல் நாள் தூண்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கரையை ஒரு முறை முழுதாக நடந்து பார்ப்பது நல்லது. விடியலில் நடந்தால் மீன் எழும்புவது தெரியும்.

நீரின் நிறத்தை முதலில் பார்க்க வேண்டும். கையை முழங்கை வரை நீருக்குள் விட்டு விரல்களை விரிக்க வேண்டும். ஐந்து விரலும் தெரிந்தால் பொய் இரைக்கு ஏற்ற தெளிவு. மணிக்கட்டிலேயே கை மறைந்தால் மண்புழுவும் மாவும்தான். பாசிப் பச்சை நிறம் கெடுதலில்லை. அதில் கெண்டையும் ஜிலேபியும் மேயும். சிவப்போ நீலமோ கறுப்போ கலந்த நீரும், நுரை ஒதுங்கிய கரையும், சாக்கடை நாற்றமும் கண்டால் அந்த நீரை விட்டுவிட வேண்டும். பட்டுக்குச் சாயமேற்றும் ஊரிலும், தொழிற்பேட்டைகள் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலும் இந்தச் சோதனையைத் தவறவே கூடாது. கழிவு கலந்த நீரின் மீன் உண்ணத் தகாதது.

அடுத்தது கலங்கல். ஏரி வழியும் நாட்களில் கல்கட்டின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு நீர் கண்ணாடிபோல் வழுக்கி விழும். விழுந்த இடத்தில் நுரைத்துச் சுழன்று, நான்கைந்து அடி தள்ளி அமைதியாகும். அந்தச் சுழலின் ஓரத்தில் பொடிக்கெண்டைகள் வெள்ளிக்காசு சிதறியதுபோலத் துள்ளி, கல்லில் மோதி, மறுபடி விழும். சற்றுக் கீழே, ஓட்டம் அடங்கும் கோட்டில், ஒரு பழுப்பு முதுகு ஒரு கணம் தெரிந்து மறையும். அது விரால். மேலேறத் தவறி விழும் கெண்டைக்காக அது காத்திருக்கும். கொக்கும் நீர்க்காகமும் கலங்கலின் எந்தப் பக்கம் கூடி நிற்கின்றன என்று பார்த்தால் மீன் எந்தப் பக்கம் என்பது விளங்கும். தூண்டிலைச் சுழலுக்குள் எறியாமல், நுரைக்கும் அமைதிக்கும் இடையே உள்ள அந்தக் கோட்டில் இறக்க வேண்டும்.

மதகு மூன்றாவது இடம். ஏரிக்கு உள்ளே மதகை நோக்கி நீர் மெல்ல இழுபடும். வெளியே, கால்வாய் தொடங்கும் தொட்டியில் நீர் குமுறும். கெளுத்தியும் கெண்டையும் வெளித்தொட்டியில் கூடும். உள்பக்கம் ஆழமும் உறிஞ்சும் ஓட்டமும் உள்ள இடம் என்பதால் அங்கே நீரில் இறங்கவே கூடாது.

அலைகல் நான்காவது. கல்லிடுக்கில் உளுவையும் சிறு கெண்டையும் ஒளியும். அவற்றைத் தேடி விரால் கரையோரமாக உலாவும். கரைமேல் தடதடவென்று நடந்தால் அதிர்வு நீருக்குப் போய் மீன் விலகிவிடும். சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு நடந்தால் நிழல் நீரில் விழும். எனவே காலையில் மேற்குக் கரையிலும் மாலையில் கிழக்குக் கரையிலும், சூரியனைப் பார்த்தபடி நின்று வீசுவது வசதி.

ஆழம் குறைந்த பக்கத்தில் ஜிலேபி மீன் சட்டி வடிவில் குழி பறித்து முட்டையிடும். தெளிந்த நீரில் இந்தக் குழிகள் வெளிறிய வட்டங்களாகத் தெரியும். ஆகாயத்தாமரை மிதக்கும் இடத்திலும் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரிலும் விரால் தங்கும். விரால் வெளிக்காற்றையும் மூச்சாக இழுக்கும் மீன்; சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து, ‘க்ளப்’ என்று ஓர் ஒலியோடு காற்றை விழுங்கி இறங்கும். ஒரே இடத்தில் அந்த ஒலி இரண்டு முறை கேட்டால் அங்கே விரால் குடியிருக்கிறது.

கோலும் ஈயும் நரம்பும்

விராலுக்கு 7 அடிக் கோல், வலுவான பின்னல் நரம்பு, களையில் சிக்காத ரப்பர்த் தவளை ஆகியவை போதும். உயிர்த் தவளையை முள்ளில் கோக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். வயலில் வாழும் பெரிய தவளைக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. பயிரைக் கெடுக்கும் பூச்சியைத் தின்று உழவருக்கு உதவுவதும் அதுவே. கட்லா, ரோகு, மிர்காலுக்கு மாவு உருண்டையும் தக்கையும் ஏற்றவை. கெளுத்திக்கு மண்புழுவும் சிறு ஈயமும் போதும். கெளுத்தியின் பக்கத் துடுப்புகளில் உள்ள முள் குத்தினால் கடுக்கும். மீனைத் துணியால் பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும்.

ஃப்ளை தூண்டிலுக்கு 5 அல்லது 6 எண் கோல் இந்த ஏரிகளுக்குப் பொருந்தும். இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சியையே ஈ என்கிறோம். பொடிக்கெண்டையும் ஜிலேபியும் சிறிய ஈக்களை எடுக்கும். நீருக்கு அரை அடி கீழே மெல்ல மூழ்கும் ஈதான் பெரும்பாலும் பலிக்கும். ஈசல் பறக்கும் மழைக்கால மாலைகளில் மட்டும் மிதக்கும் ஈயை மேலே விடலாம்.

இந்தத் தூண்டிலுக்கும் பட்டுக்கும் பழைய உறவு உண்டு. நைலான் பரவும்வரை ஃப்ளை கயிற்றைப் பின்னிய பட்டு நூலில்தான் செய்தார்கள். முள்ளைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பைப் பட்டுப்புழுவின் சுரப்பியைப் புளிக்காடியில் ஊறவைத்து நீளமாக இழுத்து எடுத்தார்கள். ஸ்பெயின் நாட்டின் மூர்சியா அந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1938இல் நைலான் வந்த பிறகு இரண்டும் மெல்ல மறைந்தன.

ஈ கட்டுவதற்குக் காஞ்சிபுரத்தில் நல்ல பொருள் கிடைக்கும். பாவும் ஊடையும் இணைக்கும்போது தறியடியில் விழும் கழிவுப் பட்டு நூல் ஈயின் உடம்புக்கு உதவும். வெள்ளி இழை சுற்றிய ஜரிகைத் துண்டை அதன்மேல் இடைவெளி விட்டுச் சுற்றினால், நீரில் பொடிக்கெண்டையின் பக்கம்போல மின்னும். கழுத்துக்குச் சேவல் இறகு போதும். அசல் ஜரிகை கனமானது என்பதால் ஈ விரைவாக மூழ்கும். ஆழமான மதகுப் பக்கத்துக்கு அது நல்லது.

தொடங்குவதற்குச் சில இடங்கள்

புதிதாக வருபவர் நகரை ஒட்டிய நீரைத் தவிர்த்து வெளியே போவது நல்லது. மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டித் தாமல் ஏரி பரந்து கிடக்கிறது. சாலையிலிருந்தே நீர்மட்டம் தெரியும் என்பதால் பருவத்தை அளக்க அது ஏற்ற இடம். கிழக்கே வாலாஜாபாத்துக்கு அப்பால் தென்னேரி. மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்றான அதில் நீர் மற்ற ஏரிகளைவிட அதிக நாள் நிற்கும்.

தெற்கே, திருவண்ணாமலை மாவட்ட எல்லைக்குள் தூசி – மாமண்டூர் ஏரி இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகள் உள்ள குன்றின் அடியில் அமைந்த இந்த ஏரிக்குச் சித்திரமேகத் தடாகம் என்பது பழம்பெயர். குன்றின் மேல் ஏறி நின்றால் ஏரியின் ஆழமான பகுதியும் மேய்ச்சல் பகுதியும் நிற வேறுபாட்டால் பிரிந்து தெரியும். வரைபடம் சொன்னதைக் கண்ணால் சரிபார்க்க இதைவிடத் தகுந்த இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. அதற்கும் தெற்கே உத்திரமேரூர் ஏரி. வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் கூறும் பல்லவர் காலத்து ஏரி அது.

ஆற்று நீரைத் தேடுபவர் செங்கல்பட்டுச் சாலையில் பழையசீவரம் போக வேண்டும். எதிர்க்கரையில் திருமுக்கூடல். மூன்று ஆறுகள் சேரும் இடம் என்பதாலும், பாலாற்றில் தடுப்பணை இருப்பதாலும், வெள்ளம் வடிந்த பிறகும் இங்கே நீர் தங்குகிறது. ஆறு தெளியும் தை மாதத்தில் தடுப்பணைக்குக் கீழே உள்ள மடுக்களில் ஃப்ளை தூண்டிலை வீசலாம். கீழே வாயலூரில் ஆறு கடலைத் தொடும் இடத்தில் மடவையும் கொடுவாவும் கிடைக்கும். அது உப்புநீர்த் தூண்டில். அதற்கு வேறு கோலும் வேறு கணக்கும் வேண்டும்.

ஆபத்தும் காவலும்

ஆற்றில் மணல் அள்ளிய குழிகள் வெள்ள நாட்களில் நீர் நிறைந்து வெளியே தெரியாமல் கிடக்கும். முழங்கால் நீர் என்று நினைத்து வைத்த அடுத்த அடி ஆளை விழுங்கிவிடும். பாலாற்றில் இறங்குபவர் கையில் நீண்ட கம்பு வைத்து முன்னால் ஊன்றிப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். ஏரியில் வண்டல் சேறும் அதுபோன்றதே.

மழை வலுத்த நாளில் கலங்கலுக்கும் மதகுக்கும் கீழே நிற்கக் கூடாது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. சங்கிலியாக அமைந்த ஏரிகளில் மேல் ஏரியின் நீர் சில மணி நேரத்தில் கீழ் ஏரிக்கு வந்துவிடும். எனவே உள்ளூர் மழையை மட்டும் பார்க்காமல் மேலே பெய்த மழையையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைக்கும். அலைகல் இடுக்கிலும் புதரிலும் கண்ணாடி விரியன் இருக்கலாம். காலை மூடிய காலணியும் கைவிளக்கும் வேண்டும். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி எடுத்து வர வேண்டும். நாரையின் காலிலும் ஆட்டின் வாயிலும் அது சிக்கி உயிரை வாங்கும்.

குறிப்பேடு

ஒவ்வொரு முறையும் நாள், ஏரியின் பெயர், நின்ற இடம், நீர்மட்டம், நீரின் தெளிவு, வெப்பம், பிடித்த மீன், பயன்படுத்திய இரை ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். நீர்மட்டத்தைக் கலங்கலின் படிக்கல்லையோ மதகின் கல்தூணையோ அளவாகக் கொண்டு குறிக்கலாம். ஓர் ஆண்டு முடிந்ததும் எந்த ஏரி எந்த மாதத்தில் பலன் தருகிறது என்பது அந்த ஏட்டிலேயே தெரிந்துவிடும். இரண்டாம் ஆண்டில் தேடல் பாதியாகக் குறையும்.

செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மேல் எழும்பினால் அதன் அடியில் தாய் தந்தை விரால்கள் காவல் இருக்கின்றன என்று பொருள். அவை ஆவேசமாகப் பாயும் என்பதால் பிடிப்பது எளிது. பிடித்துவிட்டாலோ அத்தனை குஞ்சும் கெளுத்திக்கும் கொக்குக்கும் இரையாகும். அங்கே தூண்டில் போடாமல் விலகிப் போவதே அடுத்த ஆண்டு மீனுக்கான முதலீடு. ஏரியிலிருந்து பிடிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் திரும்ப விடக் கூடாது. வளர்ப்புக்குத் தடை செய்யப்பட்ட அந்த மீன் மற்ற மீன்களை எல்லாம் தின்று தீர்க்கும்.

வரத்துக்கால் தூர்ந்தாலும் வீட்டுமனையானாலும் ஏரிக்கு நீர் வராது. நீர் வராத ஏரியில் மீன் நிலைக்காது. இந்த வட்டாரத்தில் தூண்டில் போடும் ஒவ்வொருவரும் தாம் நிற்கும் ஏரியின் வரத்துக்காலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடந்து பார்த்து, அடைப்பு இருந்தால் ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.